பருப்பு வேகாத கிணறு

தொழில் பழக வந்த பிள்ளைகளே, நம்முடைய வேலையில் வருகிற நோய்களுக்கெல்லாம் பெயர் உண்டு. பெயின்ட் வழிந்தால் ஒரு பெயர். மேலே பளபளப்புக்கு அடிக்கிற லெக்கர் பால் ஊற்றியது போல வெளுத்தால் ஒரு பெயர். எண்ணெய் பட்ட இடத்தில் மீன் கண் மாதிரி வட்டம் வட்டமாக விலகினால் அதற்கும் ஒரு பெயர். மருந்துகளை இப்போது உங்கள் போனிலேயே பார்த்துக்கொள்கிறீர்கள். அதை நான் சொல்லித் தந்து உங்கள் நேரத்தை எடுக்க மாட்டேன். என்ன நோய் என்றே தெரியாமல், நாளும் நெருங்கி, வண்டிக்காரன் வாசலில் வந்து நிற்கும்போது நான் என்ன செய்தேன் என்பதைத்தான் சொல்லப்போகிறேன். செய்ததில் பாதி பிழை. பிழையை ஒளிக்காமல் சொல்வேன், ஏனென்றால் சரியாகச் செய்ததைச் சொல்ல ஊரில் ஆட்கள் இருக்கிறார்கள்.

குறிஞ்சிப்பிட்டியில் என் வீட்டு வளவுக்குள்ளேயே முப்பது வருடத்துக்கு மேல் வாகனங்களுக்குப் பெயின்ட் அடித்தேன். பள்ளிக்கூடம் எனக்கு மூன்றாம் வகுப்போடு முடிந்தது. டின்னில் இருப்பதை எழுத்துக்கூட்டி வாசிப்பதற்குள் பெயின்ட் காய்ந்துவிடும். அதனால் மூடியைத் திறந்து மணந்து பார்த்தே இது இன்னது என்று சொல்வேன். ஒருநாளும் பிழைத்ததில்லை. பெண்பிள்ளை அடித்த வண்டி என்று சிரித்தவர்கள் இருந்தார்கள். அவர்களே பிறகு இரண்டாவது வண்டியையும் கொண்டுவந்து விட்டார்கள். புத்தளம் தொடக்கம் கல்பிட்டி வரைக்கும் பெயின்ட் அடிக்கிற அக்கா, பெயின்ட் ராத்தா என்று கேட்டால் வீட்டைக் காட்டுவார்கள்.

தொழில் முதலில் என் வீட்டுக்காரருடையது. நான் பள்ளம் நிரப்புகிற பட்டியைத் தேய்த்துக் கொடுப்பேன், அவ்வளவுதான். பெயின்ட் புகை அவருடைய நெஞ்சைப் பிடித்து இழுப்பு வந்த பிறகு, அவருக்குத் தொழில் பழக்கிய சிலாபத்துப் பாஸ் ஒருவர் வந்து ஆறு மாதம் ஸ்பிரே கன்னை என் கையில் தந்து பக்கத்தில் நின்று பழக்கினார். தமிழும் சிங்களமும் கலந்துதான் கதைப்பார். அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. வேலை முடிகிற வரைக்கும் வண்டியைச் சொந்தக்காரனுக்குக் காட்டக் கூடாது. பட்டி பூசிய வண்டியைப் பார்த்தால் எவனும் பயப்படுவான். பயந்தால் யோசனை சொல்லத் தொடங்குவான். கறி கொதிக்கும்போது விருந்தாளியைக் குசினிக்குள் விடுவார்களா என்று கேட்பார். நல்ல சட்டம். அந்த நல்ல சட்டத்தை நான் கெட்ட வேலைக்குப் பாவித்தேன். அந்தக் கதைதான் இது.

வாகன இறக்குமதியை நிறுத்தியிருந்த காலம். புது வண்டி வராததால் பழைய வண்டிகளுக்கு வாழ்வு வந்திருந்தது. கோழிக்கூட்டுக்குப் பக்கத்தில் கிடந்த கார்களைக்கூடக் கழுவி எடுத்து வந்து பெயின்ட் கேட்டார்கள். டவுன் கராஜ் எல்லாம் நிரம்பி வழிந்தது. அப்போதுதான் தலவிலையில் இருந்து சவரி வந்தான்.

சவரி கடல் தொழிலாளி. வலை இழுத்து இழுத்து வலது தோள்மூட்டு இரண்டு தரம் கழன்று, இனிக் கடலுக்குப் போகக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். அவனிடம் ஒரு பழைய ஜப்பான் கார் இருந்தது. வெள்ளை நிறம், கதவடியில் துரு. கல்பிட்டிப் பக்கம் காற்றாடியைப் பிடித்துக்கொண்டு கடலில் பலகையில் ஓடுகிற வெள்ளைக்காரர்கள் தங்குகிற ஒரு ஹோட்டலில், அவனை நிரந்தர ஓட்டுநராக எடுப்பதாகச் சொல்லியிருந்தார்கள். ஆனால் அவர்களுடைய வண்டிகள் எல்லாம் கடும் நீலம். இவனுடையதும் அப்படி இருக்க வேண்டும். வரும் திங்கட்கிழமைக்கு அடுத்த திங்கட்கிழமை மேனேஜர் வந்து பார்ப்பார். பிடிக்கவில்லை என்றால் அந்த இடத்துக்குப் புத்தளத்தில் வேறு ஒருவர் காத்திருக்கிறார். இவன் மறுபடியும் வள்ளம் ஏற வேண்டியதுதான்.

"ராத்தா, கடலுக்கு எனக்குப் பயமில்ல. எண்ட தோளுக்குத்தான் பயம்" என்றான்.

நான் ஓம், செய்து தருகிறேன் என்று சொன்னேன். கடும் நீலம் என்றால் கவனம் பிள்ளைகளே. வெள்ளை நிறம் எந்தக் குற்றத்தையும் மறைத்துத் தரும். கடும் நிறம் ஊரைக் கூட்டிக் காட்டும்.

தென்மேற்கில் இருந்து சோளகக் காற்று அடிக்கிற காலம் அது. எங்கள் பக்கம் மணல் தரையில் கிடக்காது, பறந்துகொண்டே இருக்கும். நான் வளவின் பின்பக்கம் தார்ப்பாய் கட்டி, அதற்குள் நுளம்பு வலை கட்டி, தூசு எழும்பாமல் தரையை வாளி வாளியாக நனைத்துத்தான் அடிப்பேன். துருவைச் சுரண்டி, பட்டி பூசி, தண்ணீர் விட்டு விட்டுத் தேய்த்து, பிறைமர் என்ற அடிப்பூச்சு அடித்து, அதையும் தண்ணீர் விட்டுத் தேய்த்து, சனிக்கிழமை நீலம் அடித்து மேலே லெக்கரும் அடித்து முடித்தேன். திங்களுக்கு இன்னும் ஒன்பது நாள். வீட்டுக்காரர் கதிரையில் இருந்தபடி பார்த்துவிட்டு, "இதுல முகம் பாத்து ஷேவ் எடுக்கலாம்" என்றார். அவர் லேசில் புகழ மாட்டார்.

செவ்வாய்க்கிழமை காலை தார்ப்பாயைத் தூக்கினேன். பொனட் முழுக்க வேர்க்குரு. கடுகு அளவில், நெருக்கமாக, வெயில் காலத்தில் குழந்தையின் முதுகில் போடுமே அது மாதிரி. கையால் தடவினேன். மணல் ஒட்டவில்லை. உள்ளேயிருந்து எழும்பியிருக்கிறது.

எனக்கு உடனே பெயின்டைக் கரைக்கிற தின்னர் மேல்தான் சந்தேகம் வந்தது. சாமான் தட்டுப்பாட்டுக் காலம், எதில் எதைக் கலக்கிறார்கள் என்று தெரியாது. யோசிக்கவும் இல்லை, கேனைத் திறந்து மணந்து பார்க்கவும் இல்லை. பஸ் ஏறிப் புத்தளத்துக்குப் போய், இருபது வருடமாக எனக்குத் தின்னர் தருகிற கடை முதலாளியைக் கடை நிறைய ஆட்கள் நிற்கும்போது ஏசினேன். மண்ணெண்ணெய் கலந்து விற்கிற கைக்கு மறுமையில் கணக்கு உண்டு என்றுகூடச் சொன்னேன். நான் வேறு கடையில் கொஞ்சம் தின்னர் வாங்கிக்கொண்டு வந்து, புதன்கிழமை பொனட்டை மட்டும் கழற்றி, மறுபடியும் தேய்த்து, மறுபடியும் அடித்தேன்.

புதன் பின்னேரம் சவரி வந்தான். பாஸுடைய சட்டம் அப்போது எனக்கு வசதியாக ஞாபகம் வந்தது. தார்ப்பாய் வாசலில் நின்றுகொண்டு, லெக்கர் காய்கிறது, திறந்தால் தூசு பிடிக்கும், பார்க்க முடியாது என்றேன். அது பொய்யில்லை. லெக்கர் காய்ந்துகொண்டுதான் இருந்தது. பொய்யாக இல்லாததுதான் அதில் இருந்த பெரிய பிழை. அவன் தலையை ஆட்டிவிட்டு, தார்ப்பாயின் ஓரத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே பஸ்ஸுக்குப் போனான்.

வெள்ளிக்கிழமை காலை பொனட்டில் மறுபடியும் வேர்க்குரு. இந்த முறை கூரையிலும் நான்கைந்து. நான் கட்டில் விரிப்பை எடுத்துவந்து பொனட்டை மூடினேன். வீட்டில் யாருக்கும் சொல்லவில்லை. கண்ணூறு பட்டிருக்கும், ஓதிப் பார்க்கச் சொல் என்று அடுத்த வீட்டுக்காரி வேலிக்கு மேலால் சொன்னாள். என் முகத்தைப் பார்த்தே அவளுக்கு விளங்கிவிட்டது. கண்ணூறு என்றால் முழு வண்டிக்கும் அல்லவா பட வேண்டும், பொனட்டுக்கு மட்டுமா என்று கேட்டு அவளை அனுப்பினேன். ஆனால் மனதுக்குள் காவலுக்கு ஆயத்துல் குர்ஸி ஓதினேன். ஓதுவதால் நட்டமில்லையே.

அன்று ஜும்மா முடிந்து வீட்டுக்காரர் வருகிற நேரத்துக்கே சவரியும் வந்தான். கையில் ஒரு நல்ல பாரை மீன். வண்டி முடிகிறது என்ற சந்தோசத்தில் கொண்டுவந்திருக்கிறான். மீனைக் கொண்டு வந்தவனைச் சாப்பிடாமல் அனுப்புகிற வழக்கம் எங்கள் வீட்டில் இல்லை. என் மகள் பரீனா கறி ஆக்கினாள். நான் தார்ப்பாய்ப் பக்கம் அவன் போகாதபடி கதிரையை மறுபக்கம் திருப்பிப் போட்டு அவனை இருத்தினேன்.

சோறு வந்தது, மீன் கறி வந்தது, பருப்பும் வந்தது. வீட்டுக்காரர் ஒரு கரண்டி பருப்பை எடுத்துப் பீங்கானில் போட்டார். அது சோற்றில் கலக்காமல் உருண்டு ஓடியது.

"புள்ள, இது ஒரு மணித்தியாலம் அடுப்புல கெடந்த பருப்பு" என்று என்னைப் பார்த்தார். "இனிப் பட்டி வாங்காதீங்க. இதப் பூசுங்க, ஆயுசுக்கும் கழலாது."

சவரி சிரித்தான். பரீனாவுக்குக் கோபம் வந்தது. தண்ணீர்க் கேன் கொண்டுவருகிற ஆட்டோக்காரர் இரண்டு நாளாக வரவில்லையாம். இருந்த கேன் தண்ணீரைச் சோற்றுக்குப் போட்டுவிட்டாளாம். பருப்பைக் கிணற்றுத் தண்ணீரில் போட்டாளாம்.

நான் வழக்கம்போல, இப்போது வருகிற பருப்பே அப்படித்தான், எல்லாவற்றிலும் கலப்படம் என்றேன்.

"பருப்புல ஒண்டுமில்ல உம்மா" என்றாள் மகள். "சவர்க்காரம் நுரைக்குதில்ல எண்டு நான் சொன்னப்பவும் நீங்க சவர்க்காரத்தத்தான் ஏசினீங்க."

எனக்குக் கை சோற்றிலேயே நின்றுவிட்டது.

எங்கள் கிணறு நல்ல தண்ணீர்க் கிணறு. நான் இந்த வீட்டுக்கு வந்த நாளில் இருந்து அந்தத் தண்ணீரில்தான் பருப்பு வெந்தது, தேத்தண்ணி கொதித்தது, பெயின்டும் தேய்த்தேன். ஆனால் ஒரு வருடமாக நாங்கள் அதைக் குடிக்கவில்லை, சமைக்கவில்லை. எல்லா வீட்டையும் போல நாங்களும் வடிகட்டிய தண்ணீரைக் கேனில் வாங்கத் தொடங்கியிருந்தோம். அந்த வருடம் மழை பொய்த்தது. சுற்றியிருந்த தோட்டங்கள் எல்லாம் மோட்டார் போட்டு இறைத்தன. கிணறு எங்களுக்குச் சொல்லாமலே மாறியிருக்கிறது. அதோடு பேசுகிறதையே நாங்கள் நிறுத்திவிட்டோமே, எப்படிச் சொல்லும்?

கை கழுவாமல் எழும்பிப் போனேன். விரிப்பை இழுத்தேன். பொனட்டில் பெரிய வேர்க்குரு ஒன்றை நகத்தால் கிள்ளினேன். உள்ளே ஒரு சொட்டு ஈரம். அதை விரல் நுனியில் எடுத்து நாக்கில் வைத்தேன். நீங்கள் அப்படிச் செய்யாதீர்கள், நான் அன்று செய்தேன். உப்பு. கறியின் உப்பா என்று இடது கையால் இன்னொன்றைக் கிள்ளிப் பார்த்தேன். அதுவும் உப்பு. நான் தேய்த்த தண்ணீர் காய்ந்து, உப்பு மட்டும் தகரத்தோடு தங்கி, அதன்மேல் நான் பெயின்டை மூடியிருக்கிறேன். தரையை நனைத்துத் தார்ப்பாயால் மூடிய புழுக்கத்தில் அந்த உப்பு ஈரத்தை இழுத்து இழுத்து ஊதியிருக்கிறது. தின்னரில் குற்றமில்லை. லெக்கரில் குற்றமில்லை. இரண்டாம் முறை தேய்த்ததும் அதே தண்ணீரில்தான்.

நோய் தெரிந்த சந்தோசத்தில் திரும்பினேன். பின்னால் சவரி நின்றான்.

அவன் பொனட்டைப் பார்த்தான். கூரையைப் பார்த்தான். விரிப்பையும் பார்த்தான். மூன்று நாள் வெயிலில் கிடந்தது போல முகம் வாடிவிட்டது.

"எத்தின நாளா இத மூடி வெச்சிருக்கீங்க ராத்தா?"

"செவ்வாக்கிழமையில இரிந்து."

"நான் புதன்கிழமை வந்தேனே."

"வந்தாய்."

அவன் கீழே கிடந்த விரிப்பைக் கையில் எடுத்தான். பிறகு சத்தம் போடாமல் கேட்டான். "வள்ளத்துல ஓட்டை விழுந்தா, அதுக்கு மேல சாக்கப் போட்டு மூடிட்டு ஆக்கள ஏத்துவாங்களா?"

மூடியபோது எனக்குப் பயம் இருக்கவில்லை, பெருமைதான் இருந்தது. பெயின்ட் ராத்தாவின் வண்டியில் வேர்க்குரு என்று யாரும் சொல்லிவிடக் கூடாது என்ற பெருமை. என் பெருமைக்கு அவனுடைய தோளை ஈடு வைத்திருக்கிறேன். பிழை என்னுடையது என்று சொன்னேன். வேறு எதையும் அதோடு சேர்த்துச் சொல்லவில்லை.

பிறகு அவனாகவே ஒரு வழி சொன்னான். பொனட்டும் கூரையும்தானே, அவற்றை மட்டும் நல்ல தண்ணீரில் செய்து தந்தால் போதும். மேனேஜர் திங்கட்கிழமை பார்த்துவிட்டுப் போகட்டும். மிச்சத்தைப் பிறகு பார்க்கலாம்.

பிள்ளைகளே, இந்த இடத்தில்தான் உங்களுக்கும் ஒருநாள் சறுக்கும். சொந்தக்காரனே வாய் திறந்து கேட்கிறான். கேட்டபடி செய்தால் வேலை குறைவு, நாளும் போதும், அவனும் சந்தோசமாகப் போவான். ஆனால் கதவும் மட்கார்டும் டிக்கியும் அதே தண்ணீரில் தேய்த்தவை. இன்றைக்கு வரவில்லை என்றால் இன்னும் ஒரு மாதத்தில் வரும். வாகனத்தைப் பற்றி உங்களுக்குத் தெரிகிற அளவு அவனுக்குத் தெரியாது. தெரியாதவன் கேட்டான் என்று செய்துவிட்டால் பொறுப்பு அவனுக்குப் போகாது.

"திங்கக்கிழமை பளிச்செண்டு இரிக்கும்" என்றேன். "ஒரு மாசத்துல கதவெல்லாம் போடும். அப்ப அவங்க கேக்கிறது என்னய இல்ல தம்பி, உன்னய. பெயின்ட முழுசாக் கழட்டுவோம்."

"ரெண்டு நாள்லயா?"

"ரெண்டர நாள்."

வீட்டுக்காரர் பின்னால் மெதுவாக நடந்து வந்திருந்தார். மூச்சு வாங்கிக்கொண்டே, தான் கதிரையில் இருந்து கட்டளை போடத் தயார் என்றார். சவரி அவரையும் பார்த்து என்னையும் பார்த்து, கடைசியில் சட்டையைக் கழற்றித் தென்னை மரத்து ஆணியில் கொளுவினான்.

முதல் வேலை நல்ல தண்ணீர். சவர்க்காரத் துண்டும் ஒரு கிண்ணமும் எடுத்துக்கொண்டு நானும் மகளும் கிணறு கிணறாகப் போனோம். ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு கிண்ணம் அள்ளிச் சவர்க்காரத்தைக் கரைத்துப் பார்ப்பது. நுரைக்காமல் தயிர் போலத் திரிந்தால் அடுத்த வீடு. ஒரு வீட்டுக் கிணறு உவர், அடுத்த வேலிக்கு அப்பால் இனிப்பு, அதற்கு அடுத்தது மறுபடியும் உவர். எங்கள் மண் அப்படி. வெங்காயத் தோட்டத்துக்காரர் ஒருவர் வரப்பில் நின்று, மூன்றாம் வகுப்போடு நின்ற ராத்தா இப்போது கிணறுகளுக்குச் சோதனை வைக்கிறா, எங்களுடையது பாஸா பெயிலா என்று கேட்டார். அவருடையதுதான் பாஸ். ஐந்தாவது கிணறு. கிண்ணம் நிறைய நுரை. அவர் தன்னுடைய லேண்ட்மாஸ்டர் டிராக்டரிலேயே இரண்டு பீப்பாய் தண்ணீர் ஏற்றி அனுப்பினார். தன் கிணற்றில் குளிக்கப்போகிற கார் எது என்று பார்க்கத் தானும் கூடவே ஏறி வந்தார்.

இரண்டாவது வேலை இன்னும் கஷ்டம். லெக்கர் பெயின்டைக் கழற்ற வேண்டும் என்றால் தின்னரில் நனைத்த துணியால் துடைத்தால் கரைந்து வந்துவிடும். ஆனால் முழு வண்டிக்கும் நிறையத் தின்னர் வேண்டும். அவ்வளவு தின்னர் அந்தத் தட்டுப்பாட்டில் யாரிடம் இருக்கும்? நான் ஏசிய முதலாளியிடம்தான்.

சனிக்கிழமை காலை முதல் பஸ்ஸில் போனேன். கடையில் ஏழெட்டுப் பேர். என்னைக் கண்டதும் முதலாளி இரண்டு கையையும் தின்னர் கேன்மேல் வைத்து அணைத்துக்கொண்டார்.

"இண்டைக்கு எதுல மண்ணெண்ணெய் ராத்தா?"

ஏசியது ஆட்களுக்கு முன்னால். மன்னிப்பை மட்டும் காதுக்குள் சொல்ல முடியாதே. நான் எல்லாருக்கும் கேட்கச் சொன்னேன். தின்னரில் குற்றமில்லை, என் கிணற்றில் குற்றம், அன்றைக்குச் சொன்னதெல்லாம் பிழை, மறுமைக் கணக்கையும் சேர்த்து. அவர் மூலையில் ஆணி நிறுத்துக்கொண்டிருந்த கிழவரைக் காட்டி, அவருக்குக் காது மந்தம், இன்னொரு தரம் சொல்லுங்கள் என்றார். இன்னொரு தரம் சொன்னேன். கிழவர், "எனக்கு முதல் முறையே கேட்டது மகள்" என்றார். கடையே சிரித்தது, நானும் சிரித்தேன். முதலாளி எனக்குத் தேத்தண்ணி எடுப்பித்து, உள்ளே தனக்கென்று வைத்திருந்த கேனையும் சேர்த்துத் தந்தார். மன்னிப்புக் கேட்பது பெரிய பாரம் என்று நினைத்துக்கொண்டு போனேன், திரும்பும்போது கையில் இருந்த கேன்கள்தான் பாரமாக இருந்தன.

நான் வந்து சேர்வதற்குள் வளவு கலியாண வீடு மாதிரி ஆகியிருந்தது. கண்ணூறு சொன்ன அடுத்த வீட்டுக்காரியும் அவளுடைய இரண்டு மச்சிமாரும் பழைய துணிகளோடு வந்திருந்தார்கள். சவரியின் பெண்சாதி தலவிலையில் இருந்து அப்பம் சுட்டு எடுத்து வந்திருந்தாள். சவரி இடது கையால் தேய்த்தான். வீட்டுக்காரர் புகை படாமல் காற்றுக்கு மேல்பக்கம் கதிரையைப் போட்டுக்கொண்டு, டிக்கியில் ஒரு விரல்கடை மிச்சம் இருக்கிறது, அது யாருடைய பங்கு என்று வம்புக்கு இழுத்துக்கொண்டு இருந்தார். பின்னேரத்து அஸர் தொழுகைக்கு முன் நீலமும் அடியில் இருந்த பிறைமரும் முழுதும் போய்விட்டன. தோட்டத்துத் தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கழுவினோம். வெயில் ஈரத்தைக் குடித்த பிறகு கதவைத் துடைத்த ஈரத் துணியை எல்லாரும் ஒவ்வொருவராக நாக்கில் தொட்டுப் பார்த்தார்கள். நான் வேண்டாம் என்று சொல்லியும் கேட்கவில்லை. உப்பில்லை என்று தீர்ப்பு வந்தது.

காற்று அடங்கிய பின்னேரம் பிறைமர் அடித்தேன். ஞாயிற்றுக்கிழமை சுபஹு தொழுத கையோடு, காற்று எழும்புவதற்கு முன், நிறமும் லெக்கரும். அந்தக் காலையில் என் கை நடந்த மாதிரி அதற்கு முன்னும் நடந்ததில்லை, பின்னும் நடந்ததில்லை. கன்னை வைத்துவிட்டு வெளியே வந்து தார்ப்பாயைத் தூக்கிக் கட்டினேன். கூரையில் குனிந்து பார்த்தால் மேலே நின்ற தென்னோலையின் ஈர்க்கை எண்ணலாம். இந்த முறை மூடி வைக்காமல் சவரியைக் கூப்பிட்டு, பார் என்றேன். அவன் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, தொடாமல், மூன்று சுற்றுச் சுற்றினான்.

திங்கள் காலை மேனேஜர் வந்தா. கொழும்பைச் சேர்ந்த சிங்களப் பெண்பிள்ளை, இளம் வயது, என்னை ஆன்டி என்று கூப்பிட்டா. சிங்களத்தில்தான் கதைத்தோம். வண்டியைச் சுற்றிப் பார்த்துவிட்டு, எப்போது அடித்தது என்று கேட்டா. சவரி முந்திக்கொண்டு போன கிழமை என்றான். நான் நேற்று என்றேன். பிறகு நடந்தது எல்லாவற்றையும் சொன்னேன். கிணறு, வேர்க்குரு, கட்டில் விரிப்பு, எதையும் விடவில்லை. சவரி வானத்தைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

இதை ஏன் எனக்குச் சொல்கிறீர்கள், நல்லாத்தானே இருக்கிறது என்று அந்தப் பிள்ளை கேட்டா.

"மூணு நாள் சொல்லாம இரிந்து பாத்தேன் மகள்" என்றேன். "கஷ்டமா இரிந்திச்சு."

அவ சிரித்துக்கொண்டு இருக்கும்போதே போன் அடித்தது. கதைக்கக் கதைக்கச் சிரிப்புப் போய்விட்டது. ஹோட்டல் வேன் ஒன்று நின்றுவிட்டதாம். விமானத்துக்குப் போக வேண்டிய ஒரு குடும்பம் பெட்டிகளோடு வாசலில் நிற்கிறதாம். போனை வைத்துவிட்டு, சவரியைக் கேட்கவில்லை, என்னைக் கேட்டா. இந்தக் கார் இப்போது கட்டுநாயக்க எயார்போட்டுக்குப் போகுமா?

ஒரு நாள் வயதான லெக்கர். என் மனம் வேண்டாம் என்றது. இன்னும் மூன்று நாள் நிழலில் நிற்க வேண்டிய பிள்ளை அது. ஆனால் இன்று ஓடினால் சவரிக்கு வேலை, இன்று நின்றால் அந்தப் பெட்டிகளை வேறு ஒருவன் ஏற்றுவான். கதவின் உள் ஓரத்தில் சுண்டு விரலின் பின்பக்கத்தால் தொட்டேன். ஒட்டவில்லை. இளசுதான், ஆனால் காய்ந்திருக்கிறது. அடிபடலாம், ஆனால் உரியாது. வண்டி அழகாக நிற்பதற்கா அடித்தேன், ஓடுவதற்கல்லவா?

போகும் என்றேன். சவரியிடம், தார் ரோட்டுக்கு ஏறும் வரைக்கும் ஆள் நடக்கிற வேகத்தில் போ, லொறிக்குப் பின்னால் போகாதே, எவன் சொன்னாலும் துணியால் துடைக்காதே என்றேன். அவன் சாவியை எடுத்தான். மேனேஜர் முன் சீட்டில் ஏறிக்கொண்டா.

பொழுதுபட மஃரிப் தொழுகைக்குக் கொஞ்சம் முன்னால் வண்டி திரும்பி வந்தது. இறங்கியவன் முகம் செத்திருந்தது. வேலை போய்விட்டதோ என்று கேட்டேன். இல்லையாம். நாளைக்கும் ஹயர் ஓட்டம் இருக்கிறதாம், நாளை மறுநாளும் இருக்கிறதாம். பின்னே என்ன என்று கேட்டேன். பொனட்டின் முன் ஓரத்தைக் காட்டினான். முன்னால் போன டிப்பர் ஒன்றில் இருந்து கல் தெறித்து, கடுகளவுக்கு நீலம் பெயர்ந்து உள்ளே பிறைமர் வெள்ளையாகத் தெரிந்தது.

"முதல் நாளே ராத்தா" என்றான். அழுதுவிடுவான் போல இருந்தது.

நான் குனிந்து பார்த்தேன். பெயர்ந்த இடத்தின் ஓரத்தில் என் பெருவிரல் நகத்தை வைத்து, பெயின்டைக் கிளப்பப் பார்த்தேன். வரவில்லை. அழுத்தினேன். நகம்தான் வளைந்தது. அந்தக் குழிக்குள் விரலை வைத்துத் தேய்த்தேன். பிறைமர் எலும்பு மாதிரிக் காய்ந்து கிடந்தது, ஈரத்தின் வாசமே இல்லை. பெயின்ட் போட்ட வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று எனக்கு யார் திறந்து காட்டுவார்கள்? அந்த டிப்பர்க்காரன் காட்டிவிட்டுப் போயிருக்கிறான். நான் சிரிக்கத் தொடங்கினேன். சிரிப்பு நிற்கவில்லை. வீட்டுக்காரர் கதிரையில் இருந்து எழும்பி வந்துவிட்டார்.

நாளைக்குக் காலையில் கொண்டுவந்து விடட்டுமா, அந்த இடத்தைப் பூசித் தருவீர்களா என்று சவரி கேட்டான்.

"நாளைக்கு எத்தின மணிக்கு ஹயர்?"

"அஞ்சரைக்கு."

"அப்ப இது இப்பிடியே இரிக்கட்டும், போய்ப் படு" என்றேன்.